குயவனைச் செய்தவர் யார்?

வாசகர் கடிதம்: ஐயா, நான் ஒரு பள்ளி ஆசிரியை. எங்களுடையது சைவக் குடும்பம். நான் சிறுமியாக இருந்தபோது என் தந்தையார் அடுக்களையில் இருந்த மண்பானையைக் காட்டி, “குயவன் இல்லாமல் குடம் இல்லை, இறைவன் இல்லாமல் உலகம் இல்லை” என்று சொல்லிக் கொடுத்தார். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகனிடம் அண்மையில் அதையே சொன்னேன். “எல்லாவற்றுக்கும் காரணம் உண்டென்றால் கடவுளுக்குக் காரணம் யார்? அவருக்கு மட்டும் விதிவிலக்கு என்றால், அந்த விலக்கை உலகத்துக்கே கொடுத்துவிடலாமே?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா சொன்னது தவறா? அறிவியல் படிக்கும் பிள்ளையிடம் சொல்லக்கூடிய வலுவான வாதம் இருக்கிறதா? இந்தப் போக்கிலிருந்து அவனைத் தடுக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள அம்மையாருக்கு,

தத்துவ வகுப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் கேட்டது ஒரு கேள்வியன்று, இரண்டு கேள்விகள். “கடவுளைப் படைத்தவர் யார்?” என்பது முதலாவது. கேட்பவரைத் திகைக்க வைப்பது அதுதான் என்றாலும், ஓரளவு பொறுமை இருந்தால் அதற்கு விடை கிடைத்துவிடும். “விலக்கை உலகத்துக்கே கொடுத்தால் என்ன?” என்பது இரண்டாவது. அதுதான் உண்மையில் கடினமானது. பெரிய சிந்தனையாளர்கள் பல நூற்றாண்டுகளாக மோதிக்கொண்ட இடமும் அதுதான். இரண்டையும் கலந்துவிட்டால் இரண்டுக்குமே விடை கிடைக்காது.

முதல் கேள்வி, “எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு” என்ற வாக்கியத்தைக் குறி வைக்கிறது. அந்த வாக்கியத்தை ஏற்றுக்கொண்டால் கடவுளுக்கும் காரணம் கேட்டே தீரவேண்டும். அதில் உங்கள் மகன் சொல்வது முற்றிலும் சரி. ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்டு ரசல் தம் 18ஆம் வயதில், அவருக்கு முந்திய தத்துவ அறிஞரான ஜான் ஸ்டூவர்ட் மில்லின் தன்வரலாற்றைப் படிக்கையில் இதே இடத்தில்தான் நின்றார். “என்னைப் படைத்தவர் யார் என்ற கேள்விக்கு விடை கிடையாது, ஏனெனில் அது உடனே கடவுளைப் படைத்தவர் யார் என்ற கேள்வியைக் கொண்டுவரும்” என்று தம் தந்தை கற்பித்ததாக மில் அதில் எழுதியிருந்தார். அதுவரை காரண வாதத்தை ஏற்றுவந்த ரசல் அன்றே அதைக் கைவிட்டார். 1927இல் ஆற்றிய உரை ஒன்றில் அவரே இதைச் சொல்கிறார். ஏறக்குறைய அதே வயதில் உங்கள் மகனும் அதே கேள்விக்கு வந்திருக்கிறார் என்பதில் நீங்கள் வருந்த ஒன்றுமில்லை.

ஆனால் இந்த வாதத்தை ஆழ்ந்து வளர்த்த பெரியவர்கள் அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் இசுலாமிய அறிஞர் கசாலி சொன்னது, “இருக்கத் தொடங்கியது எதுவோ அதற்குக் காரணம் உண்டு” என்பது. அவருக்கு முன் வாழ்ந்த இசுலாமியத் தத்துவ அறிஞர் இப்னு சீனா சொன்னது, “இல்லாமலும் இருந்திருக்கக்கூடிய பொருள் எதுவோ, அது இருப்பதற்குத் தனக்கு வெளியே காரணம் வேண்டும்” என்பது. 13ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், மாறுகிற பொருளிலிருந்தும் பிறிதொன்றைச் சார்ந்து நிற்கிற பொருளிலிருந்தும் தொடங்கினார். ஒவ்வொருவரும் காரணம் தேவைப்படும் பொருள் எது என்பதற்கு ஓர் அடையாளத்தை முதலிலேயே குறித்துக்கொண்டார்கள். அந்த அடையாளம் இல்லாத ஒன்றுக்குக் காரணம் கேட்பது, தொடங்காத ஒன்று எப்போது தொடங்கியது என்று கேட்பதைப் போன்றது. ஆகவே கடவுளுக்கு நடுவில் சலுகை காட்டியதாக இவர்கள்மேல் குற்றம் சுமத்த முடியாது. அப்படி ஒரு பொருள் உண்மையில் உண்டா என்று வேண்டுமானால் கேட்கலாம்.

உங்கள் தந்தையார் சொன்னதும் இந்த வகையைச் சேர்ந்ததே. அவர் கையில் எடுத்தது வெறும் உவமை என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அது சைவ சித்தாந்தத்தின் காரணக் கோட்பாடு முழுவதையும் தனக்குள் அடக்கிய எடுத்துக்காட்டு. குடத்துக்கு மண் முதற்காரணம். சக்கரமும் கோலும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை என்னும் மூலப்பொருள் முதற்காரணம், இறைவனின் ஆற்றலாகிய சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். இங்கே ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும். இன்றைய பேச்சில் “முதற்காரணம்” என்றால் எல்லாவற்றுக்கும் முந்திய காரணம் என்று பொருள் கொள்கிறோம். சித்தாந்த நூல்களில் அந்தச் சொல் மண்ணைத்தான் குறிக்கும், குயவனையன்று. இதை அறியாமல் அந்நூல்களைப் படித்துக் குழம்பிய மாணவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

இந்தக் கோட்பாட்டில் ஒன்றுமில்லாததிலிருந்து உலகம் படைக்கப்பட்டது என்ற பேச்சே கிடையாது. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் தளை) என்ற மூன்றுமே தொடக்கம் இல்லாதவை. “எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு” என்று சித்தாந்தி ஒருநாளும் சொல்லியிருக்க முடியாது. ஒன்றுக்கு மூன்றாகவே காரணமற்ற பொருள்களை அவர் ஏற்றிருக்கிறார். மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரங்களே கொண்ட சிறிய நூல். அதன் முதல் சூத்திரம் “அவன் அவள் அது எனும் அவை” என்று தொடங்குகிறது. ஆண், பெண், அஃறிணை என்று சுட்டிக் காட்டப்படும் உலகம் தோன்றுவது, நிற்பது, ஒடுங்குவது என்ற மூன்று வினைக்கு உட்பட்டிருக்கிறது. ஆகவே அது எதில் ஒடுங்கியதோ அதிலிருந்தே மீண்டும் தோன்ற வேண்டும். ஒடுக்குபவனே முதல்வன் என்பது அதன் கருத்து. பிற நாட்டு வாதங்களோடு இதை வைத்துப் பார்க்கையில் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருவது, மெய்கண்டார் கேள்வியைத் தொடக்கத்தில் வைக்காமல் முடிவில் வைத்திருப்பதுதான். “இதை ஆரம்பித்தவர் யார்?” என்று அவர் கேட்கவில்லை. எல்லாம் ஒடுங்கிய பிறகும் ஒடுங்காமல் எஞ்சி நிற்பது எது என்று கேட்கிறார். அந்தமே ஆதி என்கிறார்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மூன்று பொருள்களுக்குத் தொடக்கம் இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகு, உலகமே தொடக்கமின்றி, காரணமின்றித் தானாக இருக்கிறது என்றால் என்ன குறை? 1779இல், தாம் இறந்த பிறகு வெளிவந்த உரையாடல் நூலில் டேவிட் ஹியூம் ஏறக்குறைய இதையே கேட்டார். இருபது துகள்கள் சேர்ந்த ஒரு தொகுதியில் ஒவ்வொரு துகளும் எப்படி வந்தது என்று தனித்தனியே விளக்கிவிட்ட பின், இருபதும் சேர்ந்த தொகுதிக்குக் காரணம் என்ன என்று மறுபடி கேட்பது பொருளற்றது என்பது அவர் வாதம். 1948இல் பிபிசி வானொலியில் கோப்பிள்ஸ்டன் என்ற இயேசு சபைத் துறவியோடு விவாதித்த ரசல் அதையே வேறு விதமாகச் சொன்னார். மனிதர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் உண்டு. அதனால் மனித குலத்துக்கு ஒரு தாய் உண்டு என்று ஆகிவிடாது. உலகம் இருக்கிறது, அவ்வளவுதான் என்பது அவர் முடிவு.

இதற்கு எதிர்த்தரப்பு சொல்லும் விடையைப் புரிந்துகொள்ள, காரணத் தொடரில் இரண்டு வகை உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மகனுக்கு நீங்கள், உங்களுக்கு உங்கள் தந்தையார், அவருக்கு அவர் தந்தையார் என்று பின்னோக்கிச் செல்லும் தொடர் ஒன்று. உங்கள் தந்தையார் இன்று உயிரோடு இல்லையென்றாலும் நீங்கள் இருப்பதற்குத் தடையில்லை. இத்தகைய தொடர் முடிவின்றிப் பின்னே போய்க்கொண்டே இருப்பதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை. அக்குவினாஸும் கருதவில்லை, உலகுக்குத் தொடக்கம் உண்டு என்று சமய நம்பிக்கையால் ஏற்ற அவரே, அதைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது என்று வெளிப்படையாக எழுதினார். இன்னொரு வகைத் தொடர், கோயில் மண்டபத்தில் சங்கிலியில் தொங்கும் விளக்கைப் போன்றது. விளக்கைக் கடைசிக் கண்ணி தாங்குகிறது, அதை அதற்கு மேலுள்ள கண்ணி தாங்குகிறது. ஒவ்வொரு கண்ணியும் தான் பெற்ற தாங்கும் வலிமையைத்தான் கீழே கொடுக்கிறது. எதற்கும் சொந்த வலிமை இல்லை. கண்ணிகளின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும், மேலே உத்தரம் இல்லாவிட்டால் விளக்கு தரையில்தான் கிடக்கும். அக்குவினாஸும் இப்னு சீனாவும் பேசியது இந்த இரண்டாவது வகைத் தொடரைப் பற்றியது. அவர்கள் தேடியது நேற்றைக்கு முந்திய காரணத்தையன்று, இந்த நொடியில் உலகத்தைத் தாங்கி நிற்கும் காரணத்தை. நம் தருக்க நூலோர் வரம்பின்றி ஓடல் என்று குற்றமாகச் சொல்வதும் இத்தகைய தொடரில்தான் முழுப் பொருள் பெறுகிறது.

ஆக உத்தரம் ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது ஏன் உலகமாகவே இருக்கக் கூடாது என்பதே உங்கள் மகனின் கேள்வி. காரணமற்ற ஒன்று உண்டா என்பதில் இப்போது உங்களுக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லை. நீங்கள் இறைவனிடம் நிற்கிறீர்கள், அவர் உலகத்திடம் நிற்கிறார். அப்படி நிற்கும் தகுதி எந்தப் பொருளுக்கு உண்டு என்பதுதான் இருவருக்கும் இடையிலுள்ள உண்மையான வழக்கு. இப்னு சீனாவின் விடை இது: உலகம் பகுதிகளால் ஆனது, மாறுவது, வேறு விதமாகவும் இருந்திருக்கக்கூடியது, அப்படிப்பட்ட பொருள் ஒன்றானாலும் கோடியானாலும் சொந்தக் காலில் நிற்காது. கண்ணிகளையெல்லாம் சேர்த்துச் சங்கிலி என்று பெயரிட்டுவிட்டால் அதற்கு உத்தரம் வேண்டாம் என்று ஆகிவிடுமா? 1714இல் லைப்னிட்ஸ் இதையே இன்னும் கூர்மையாக்கி, ஒன்றும் இல்லாமல் இருப்பதற்குப் பதிலாக ஏதோ ஒன்று ஏன் இருக்கிறது என்று கேட்டார். இந்த வாதம் முழுவதும் ஒரே ஒரு கொள்கையின் மேல் நிற்கிறது: இருப்பது எதுவானாலும் அது ஏன் இருக்கிறது என்பதற்கு நிறைவான விளக்கம் இருந்தே தீரும். அந்தக் கொள்கையை ஏற்பவருக்கு வாதம் மிக வலியது. சில உண்மைகளுக்கு விளக்கமே இல்லாமல் இருக்கலாம் என்று ரசலைப் போல ஒருவர் அமைதியாகச் சொன்னால், அவரை முரண்பாட்டில் மாட்டிவைக்க முடியாது. காரணம் என்ற கருத்து நம் அனுபவ உலகுக்குள் மட்டுமே செல்லும், அதைக் கடந்து செல்லும் உரிமை அதற்கு இல்லை என்று 1781இல் காண்ட் சொன்ன தடையும் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

அறிவியல் படிக்கும் மகன் என்பதால் பெருவெடிப்பைப் பற்றிய பேச்சு வீட்டில் நிச்சயம் எழும். அண்டத்தின் வயது ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுகள் என்பதை வைத்துக்கொண்டு, “பார், தொடக்கம் உண்டு, ஆகவே தொடங்கியவர் உண்டு” என்று வாதாடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1951இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) பெருவெடிப்பைப் படைப்போடு இணைத்துப் பேசினார். அந்தக் கோட்பாட்டின் முன்னோடியான ஜார்ஜ் லெமேத்ர் தாமே ஒரு கத்தோலிக்க குருவாக இருந்தும் அந்த இணைப்பை ஏற்கவில்லை; தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது என்றார். பெருவெடிப்பு நமக்குத் தெரிந்த விரிவின் தொடக்கம். அதுவே இருப்பு முழுவதன் தொடக்கமா என்பது இயற்பியலில் இன்னும் முடிவாகாத கேள்வி. இன்று ஒரு கோட்பாட்டின் மேல் கடவுளை ஏற்றி வைத்தால், நாளை அந்தக் கோட்பாடு திருத்தப்படும்போது இறக்கி வைக்க வேண்டிவரும். மெய்கண்டாருக்கு அந்தத் தொல்லையே இல்லை. உலகம் எத்தனை முறை ஒடுங்கித் தோன்றினாலும் அவர் வாதம் பாதிப்படையாது.

குடமும் குயவனும் வாதத்துக்கு மிகக் கடுமையான சோதனை மேற்கிலிருந்து வரவில்லை, இந்த மண்ணிலிருந்தே வந்தது. உங்கள் மகனிடம் நீங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நியாயம் என்னும் இந்தியத் தருக்க மரபினர், செய்யப்பட்ட பொருளுக்குச் செய்தவன் உண்டு, உலகம் செய்யப்பட்ட பொருள், ஆகவே அதற்கும் செய்தவன் உண்டு என்று அனுமானம், அதாவது கண்டதிலிருந்து காணாததை உய்த்தறியும் வாதம், அமைத்தார்கள். உதயனர் தம் நியாயகுசுமாஞ்சலியில் அதை மிக விரிவாகக் காத்தார். ஆனால் அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி அதன் ஆணிவேரைத் தொட்டுவிட்டார். குடமும் மண்ணால் ஆனது, கறையான் புற்றும் மண்ணால் ஆனது. மண் உருமாறியதால் குடத்துக்குக் குயவன் உண்டென்றால், புற்றையும் குயவன்தான் வனைந்தான் என்று சொல்வீர்களா என்று அவர் கேட்டார். குடத்தைக் கண்டதும் குயவனை நினைப்பது, குயவர்கள் குடம் வனைவதை நாம் முன்னமே கண்டிருப்பதால்தான். மலையையும் கடலையும் யாரும் வனைந்து நாம் கண்டதில்லை. இரண்டையும் “செய்யப்பட்டது” என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் மட்டும் இரண்டும் ஒரே இனமாகிவிடாது.

இதைவிட வியப்பானது இராமானுசரின் நிலைப்பாடு. இறைவன்மீது அவர் கொண்ட பற்றைப் பற்றி யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஆயினும் பிரம்ம சூத்திரத்துக்குத் தாம் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கப் பகுதியிலேயே, அனுமானத்தால் இறைவனை நிறுவ முடியாது என்று அவர் விரிவாக வாதிடுகிறார். உலகின் பொருள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒருவரால் செய்யப்பட்டன என்பதற்கு என்ன சான்று? பலர் பல காலங்களில் செய்திருக்கலாமே? குயவனுக்கு உடல் உண்டு. குயவனை வைத்து இறைவனை அனுமானித்தால் இறைவனுக்கும் நம்மைப் போல் உடல் வேண்டியதாகுமே? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு, மறையின் சொல் ஒன்றே இறைவனை அறியும் வழி என்று முடிக்கிறார். காரண வாதத்தை மறுப்பவர் எல்லாரும் இறைமறுப்பாளர் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இராமானுசர் எழுப்பிய தடையை உங்கள் மகன் எழுப்பியிருந்தாலும் நீங்கள் பயந்திருப்பீர்கள் அல்லவா?

சித்தாந்திகள் இதற்கும் விடை சொன்னார்கள். மாயை சடம், அறிவற்றது. அறிவற்ற பொருள் உயிர்களின் வினைக்கேற்பத் தன்னைத் தானே உலகாக அமைத்துக்கொள்ளாது. ஆகவே அறிவுடைய நிமித்த காரணம் வேண்டும் என்றார்கள். இந்த விடை வினைக் கொள்கையை முன்னமே ஏற்றவரிடம் செல்லும். ஏற்காதவரிடம், குறிப்பாக அறிவற்ற விதிகளால் விண்மீன்களும் உயிரினங்களும் உருவாவதைப் பாடமாகப் படிக்கும் மாணவரிடம், அது அதே வலிமையோடு செல்லாது. இதை உங்களிடம் மறைத்து, எங்கும் ஓட்டையில்லாத வாதம் ஒன்று கையில் இருப்பதாகச் சொன்னால் நான் உங்களுக்குத் தீங்கு செய்தவனாவேன்.

நீங்கள் வெளிப்படையாகக் கேட்டதால் என் சொந்த முடிவையும் சொல்கிறேன். தொடக்கத்தை வைத்துப் பேசும் வாதத்தை நான் வலுவானதாகக் கருதவில்லை. குடத்தையும் குயவனையும் ஒப்புமையாக வைத்துப் பேசும் வாதம் புற்றின் முன்னே தடுமாறுகிறது. சார்ந்து நிற்பவை எல்லாம் சாராத ஒன்றைச் சார்ந்தே நிற்க வேண்டும் என்னும் வாதம் மட்டும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. அதை நான் ஏற்கிறேன். ஆனால் அது தருவது சாராத ஒன்று உண்டு என்பதை மட்டுமே. அந்த ஒன்று அறிவுடையதா, ஒன்றுதானா, நீங்கள் மாலையில் விளக்கேற்றி வணங்கும்போது அதைக் கேட்கிறதா என்பதற்கெல்லாம் அந்த வாதத்தில் விடையில்லை. அக்குவினாஸ் தம் ஐந்து வழிகளையும் ஒரே கட்டுரையில் முடித்துவிட்டு, அந்த முதல்வனின் இயல்புகளைப் பேச அதன் பின் எத்தனையோ பக்கங்களைச் செலவிட்டார். சிவஞானபோதத்திலும் முதல் சூத்திரத்துக்குப் பின் இன்னும் பதினொன்று இருக்கின்றன. முதல் படியில் நின்றுகொண்டு கருவறையைக் காட்ட முயல்வதால்தான் வீட்டு விவாதங்கள் கசந்துபோகின்றன.

உங்கள் தந்தையார் தவறு செய்யவில்லை. ஒரு சிறுமிக்கு எந்த வாசல் வழியாக உள்ளே வரவேண்டுமோ அந்த வாசலைத் திறந்து வைத்தார். அந்த வாசலில் நின்று இன்று உங்கள் மகன் கேள்வி கேட்கிறார். அவரைத் தடுக்க வேண்டுமா என்று கேட்டீர்கள், வேண்டாம். மேற்கோளோடு போய் அவரை வெல்லவும் முயல வேண்டாம். “எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று நீ புரிந்துகொண்டது என் சொல்லின் குறை, நான் சொல்ல நினைத்தது வேறு” என்று தொடங்குங்கள். பிறகு சங்கிலியையும் உத்தரத்தையும் சொல்லி, உத்தரமாக இருக்கும் தகுதி உலகத்துக்கு எப்படி வருகிறது என்று அவரைக் கேளுங்கள். அவர் பதில் சொல்லட்டும், இடையில் மறிக்காமல் கேளுங்கள். அவர் தடுமாறினால் தர்மகீர்த்தியின் புற்றை நீங்களே அவர் கையில் எடுத்துக் கொடுங்கள். தம் தரப்புக்கு வலுச் சேர்க்கத் தம் தாயே முன்வருவதைக் கண்ட பிள்ளை, அதன் பிறகு உங்கள் தரப்பையும் அதே நேர்மையோடு கேட்பார் என்பது என் வகுப்பறை அனுபவம்.

அதன் பின் விருப்பமிருந்தால் முதல் சூத்திரத்தை இருவரும் சேர்ந்து படியுங்கள். சிவஞான முனிவர் அந்நூலுக்கு எழுதிய பேருரையான மாபாடியத்தில் இப்போதே இறங்க வேண்டாம். எளிய உரை ஒன்று போதும். அந்தச் சூத்திரத்தில் மெய்கண்டார் கேட்கும் கேள்விக்கும் தம் பாடநூல் பேசும் அண்டத்தின் முடிவுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பதை உங்கள் மகனே ஆராய்ந்து சொல்லட்டும். அவர் என்ன சொன்னார் என்பதை அறிய எனக்கும் ஆவல் உண்டு; எழுதுங்கள்.